தனிநாடு என்று ஓட்டு விழுந்த மறுநாள் காலை

கேள்வி என் அக்கா மகனுடையது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டீக்கடையில் வைத்துக் கேட்டான்: “மாமா, ஒரு மாகாணம் தனிநாடா போறேன்னு ஓட்டுப் போட்டு ஜெயிச்சிருதுன்னு வைங்க. மறுநாள் காலைல என்ன நடக்கும்? பேங்க்ல கெடக்க பணம் என்ன ஆவும்? பழைய கடன யாரு கெட்டுவா?” டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. “எழுதி அனுப்புதேன்ல” என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

மறுநாள் காலையில் சட்டப்படி ஒன்றுமே நடக்காது. அதே போலீஸ், அதே நோட்டு, அதே வரி. பணத்துக்கு மட்டும் அன்று ராத்திரியே கால் முளைத்துவிடும். சொல்லப்போனால் ஓட்டுக்கு முன்னாலேயே முளைத்துவிடும். ஓட்டெடுப்பு என்பதைப் பாகம் கேட்டு அனுப்புகிற வக்கீல் நோட்டீஸ் என்று வைத்துக்கொள். பலர் அதைப் பாகப்பிரிவினைப் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டீசுக்கும் பத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற காலத்தில்தான் எல்லா லாப நஷ்டமும் தீர்மானமாகிறது.

நம் வீட்டுக் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் என் தாத்தாவுக்கும் அவர் தம்பிமார் இரண்டு பேருக்கும் பொதுவில் வயல் இருந்தது. வயல், வீடு, மாடு, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஒரே மத்தியானத்தில் பிரித்தாகிவிட்டது. கிணற்றுக்கு முறை வைத்தார்கள், ஆளுக்கு இரண்டு நாள், ஏழாம் நாள் யாருக்கும் இல்லை. மேல வயலுக்குப் போகிற வண்டிப்பாதையை மட்டும் பத்திரத்தில் எழுத விட்டுப்போச்சு. “அண்ணன் தம்பிதானே, நடந்து போறதுக்கு எழுத்து வேணுமா?” என்றாராம் தாத்தா. ரோட்டு ஓர வயல் கிடைத்தவர் அடுத்த அறுப்புக்கே குறுக்கே உடைமுள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக் கால்வாய்க் கரையைச் சுற்றி வந்தது என் அம்மாவுக்கு நினைவிருந்தது. முன்சீப் கோர்ட்டில் பதினொரு வருஷம். அந்த முள்ளை மனதில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

முதலில் பணம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரிவினை பேசிய கட்சி 1976 நவம்பரில் ஆட்சிக்கு வந்தது. ஓட்டெடுப்பு நடந்தது 1980-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1978 ஜனவரியில், சன் லைஃப் என்ற பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தலைமையகத்தை மான்ட்ரியலிலிருந்து டொரான்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அவர்கள் சொன்ன காரணம் 1977-ல் வந்த பிரெஞ்சு மொழிச் சட்டம். 1980-ல் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றுதான் ஓட்டுப் போட்டார்கள். போன தலைமையகம் திரும்பி வரவில்லை. கனடாவின் முதல் நகரம் என்ற பெயரும் டொரான்டோவுக்குப் போனது. அந்தச் சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்; எல்லாப் பழியையும் பிரிவினைவாதிகள் தலையில் போடுவது நியாயமில்லை.

ஸ்பெயினின் கட்டலோனியா மாகாணத்தில் இது இன்னும் வேகம். 2017 அக்டோபர் 1-ல் ஸ்பெயின் நீதிமன்றம் தடை போட்டிருந்த ஓட்டெடுப்பை நடத்தினார்கள். பிரிவினை வேண்டாம் என்றவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிட்டதால் ஓட்டுப் போட்டது 43 சதவீதம்தான், அதில் 90 சதவீதம் ‘ஆம்’. ஒரே வாரத்துக்குள் சபடெல் வங்கி பதிவு முகவரியை அலிகாந்தேவுக்கும், கைஷா வங்கி வலென்சியாவுக்கும் மாற்றிவிட்டன. பங்குதாரர் கூட்டம் போடாமலே நிறுவனங்கள் முகவரியை மாற்றலாம் என்று ஸ்பெயின் அரசும் அந்த வாரமே அவசரச் சட்டம் போட்டுக் கதவைத் திறந்துவைத்தது. பின்னாலேயே 3,000-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் கிளம்பின. வங்கிக்காரன் பயம் என்னவென்றால், நாளைக்கே தனிநாடு ஆகிவிட்டால் ஐரோப்பிய மத்திய வங்கியின் அரவணைப்பு போய்விடும். அது தெரிந்தால் டெபாசிட் போட்டவர்கள் வரிசையில் நிற்பார்கள். நம்மூரில் ஒரு நிதி கம்பெனி ஆட்டம் காண்கிறது என்று செய்தி கசிந்த காலையில் ஷட்டர் முன்னால் நின்ற கூட்டம் எனக்குக் கண்ணில் இருக்கிறது. பாஸ்புக்கைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஒரு அம்மா நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். எந்த ஊராக இருந்தாலும் அந்தக் கூட்டத்தின் முகம் ஒன்றுதான்.

ஆனால் கட்டலோனியாவில் பெயர்ந்தது அநேகமாகப் பதிவு முகவரிதான். ஆலையும் ஆளும் அங்கேயே இருந்தார்கள். ‘பொருளாதாரமே நொறுங்கிவிட்டது’ என்று மாட்ரிட் பக்கம் பேசியவர்கள் சொன்ன அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சபடெல் வங்கி 2025-ல் முகவரியைத் திரும்பக் கட்டலோனியாவுக்கே கொண்டுவந்துவிட்டது. ஓட்டு நடத்திய தலைவர்கள் கதிதான் பெரிது. அக்டோபர் 27-ல் தனிநாடு என்று அறிவித்த அதே நாள் ஸ்பெயின் செனட், அரசமைப்பின் 155-வது பிரிவுப்படி மாகாண ஆட்சியை மத்திய அரசின் கைக்குக் கொடுத்தது. முதல்வர் பெல்ஜியத்துக்குப் போனார். மற்ற ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை, 2021-ல் மன்னிப்பு.

இப்போது நோட்டு. உன் கேள்வியில் உள்ள நல்ல இடமே இதுதான்.

என் பாட்டி செங்கோட்டைக்காரி. கையில் காசில்லை என்பதற்கு “ஒரு சக்கரம் கெடையாது” என்பாள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே நாணயம் சக்கரம். இருபத்தெட்டுச் சக்கரம் சேர்ந்தால் திருவிதாங்கூர் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். கூப்பிடு தூரத்தில் தென்காசி, அங்கே பிரிட்டிஷ் காசு. அந்த அரைச் சக்கரக் கணக்கு சந்தைக்குப் போய்வந்த பொம்பளைகளுக்கெல்லாம் மனப்பாடம். இரண்டு நாணயத்துக்கு நடுவில் வாழ்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. சமஸ்தானத்தின் பின்னால் பிரிட்டிஷ் ரூபாய் நின்றதால் அந்த விகிதம் ஆடாமல் இருந்தது, அதுதான் சங்கதி.

பின்னால் யாரும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு செக்கோஸ்லோவாகியாவைப் பார். அங்கே ஓட்டெடுப்பே நடக்கவில்லை, இரண்டு பிரதமர்கள் பேசிப் பிரித்துவிட்டார்கள். சண்டை சச்சரவு இல்லாத பிரிவு. 1993 ஜனவரி 1-ல் இரண்டு நாடு, ஆனால் கொஞ்ச காலத்துக்கு ஒரே நாணயம் என்று ஒப்பந்தம். ஸ்லோவாக்கியக் காசு மதிப்புக் குறையும் என்று ஜனங்கள் கணக்குப் போட்டுப் பணத்தைச் செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஆறு மாதமாவது நிற்கும் என்று நினைத்த ஏற்பாடு ஆறு வாரத்தைத் தாண்டவில்லை. பிப்ரவரி 8-ல் நாணயம் பிரிந்தது. புது நோட்டு அச்சடிக்க நேரமில்லாததால் பழைய நோட்டின் மேலேயே தபால்தலை மாதிரி ஒரு வில்லையை ஒட்டிக் கொடுத்தார்கள். வில்லை ஒட்டிய நோட்டு எந்த நாட்டு வில்லையோ அந்த நாட்டுப் பணம். அதே வருஷம் ஜூலையில் ஸ்லோவாக்கியா தன் நாணயத்தை 10 சதவீதம் மதிப்புக் குறைத்தது. ஆக, ஜனங்கள் போட்ட கணக்கு சரிதான்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1947 ஆகஸ்டுக்குப் பிறகும் பாகிஸ்தானுக்கு மத்திய வங்கி நம் ரிசர்வ் வங்கிதான், 1948 ஜூன் 30 வரை. இந்திய நோட்டின் மேல் ‘பாகிஸ்தான் அரசு’ என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் அச்சுக் குத்தி அங்கே ஓட விட்டார்கள்.

எரித்ரியாவின் கதை கேட்டால் நாணயம் எவ்வளவு பொல்லாத விஷயம் என்று தெரியும். எத்தியோப்பியாவிலிருந்து பிரிய 1993 ஏப்ரலில் 99.8 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள், எத்தியோப்பியாவும் மனமொப்பி ஏற்றுக்கொண்டது. நாலரை வருஷம் எத்தியோப்பியாவின் பிர் நாணயத்தையே எரித்ரியாவும் வைத்துக்கொண்டது. 1997 நவம்பரில் நக்ஃபா என்று சொந்த நாணயம் வெளியிட்டது. இரண்டும் சரிக்குச் சமமாக ஓடட்டும் என்றது எரித்ரியா. முடியாது, எங்களோடு வியாபாரம் செய்தால் டாலரில் செய் என்றது எத்தியோப்பியா. எல்லை வியாபாரம் படுத்தது. ஆறு மாதத்தில், 1998 மே மாதம், பத்மே என்ற சிற்றூரை வைத்துப் போர். எல்லைத் தகராறுதான் காரணம் என்று எழுதுவார்கள், அது உண்மைதான். ஆனால் நக்ஃபா கசப்பு இல்லாவிட்டால் அந்தத் தகராறு பேசித் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். பல்லாயிரம் பேர் செத்தார்கள். எத்தியோப்பியா சரக்கையெல்லாம் ஜிபூட்டிக்குத் திருப்பிவிட்டது, எரித்ரியாவின் அசாப் துறைமுகம் காய்ந்துபோனது.

இன்னொரு வழியும் உண்டு: யாரிடமும் கேட்காமல் அடுத்தவன் நாணயத்தை எடுத்துப் பயன்படுத்துவது. மான்டினீக்ரோ, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமலே 2002-லிருந்து யூரோவில் ஓடுகிறது. கிழக்குத் திமோர் அமெரிக்க டாலரில் ஓடுகிறது. சின்ன நாட்டுக்குப் பரவாயில்லை. நோட்டு அடிக்கும் உரிமை இல்லாததால் வங்கி விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. 2014-ல் பிரிட்டனிலிருந்து பிரிய ஓட்டெடுப்பு வைத்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘பவுண்டைப் பங்குபோட்டுக்கொள்வோம்’ என்றபோது லண்டன் நிதியமைச்சர் முடியவே முடியாது என்றார், ஓட்டுக்கு ஏழு மாதம் முன்னால். எடின்பரோவில் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை நேரான பதில் இல்லை. 55-க்கு 45 என்று தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் வரவுசெலவுக் கணக்கில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலரை ஒட்டி என்று எழுதியிருந்தார்கள். ஓட்டு முடிந்து நாலு மாதத்தில் அது 50 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. ஜெயித்திருந்தால் முதல் பட்ஜெட்டே முழி பிதுங்கியிருக்கும்.

கடனுக்கு வருவோம். இதற்கு உலகச் சட்டம் என்று ஒன்று எழுதினார்கள், 1983-ல் வியன்னாவில். போதுமான நாடுகள் கையெழுத்திட்டு உறுதிசெய்யாததால் இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதனால் எல்லாமே பேரம். சோவியத் யூனியன் உடைந்தபோது ரஷ்யா வெளிநாட்டுக் கடன் முழுவதையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, வெளிநாட்டுச் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1947-ல் நாமும் பாகிஸ்தானும் 82.5-க்கு 17.5 என்று பிரித்தோம். கையிருப்புப் பணத்தில் பாகிஸ்தானுக்கு 75 கோடி. 20 கோடி முதலில் போனது, மிச்சம் 55 கோடியைக் காஷ்மீர்ச் சண்டை காரணமாக டெல்லி நிறுத்திவைத்தது. 1948 ஜனவரியில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபிறகுதான் விடுவித்தார்கள். பங்கு எவ்வளவு என்று எழுதியிருந்தும் கொடுக்கவேண்டியவன் கை மூடியிருந்தால் என்ன செய்ய முடியும்?

ஒரே நாட்டுக்குள் பிரிந்தாலே இழுபறிதான். தெலங்கானா 2014-ல் பிரிந்தது. ஜனத்தொகைப்படி ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68 என்று விகிதம் போட்டார்கள். ஹைதராபாத் பத்து வருஷம் பொதுத் தலைநகர். அந்தப் பத்து வருஷமும் முடிந்தபோதும் பல அரசு நிறுவனங்களின் சொத்துப் பங்கீடு தீரவில்லை. நம்மூரில் 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. உன் அத்தையின் கடையத்து வீட்டுப் பத்திரத்தில் இன்னும் ‘திருநெல்வேலி மாவட்டம்’, ஆதாரில் ‘தென்காசி மாவட்டம்’. எந்த மனுவிலும் இரண்டையும் சேர்த்து ஒரு விளக்கம் எழுதவேண்டியிருக்கிறது. ஒரு கலெக்டர் ஆபீஸ் இரண்டானதற்கே இது.

தண்ணீரை யோசித்துப் பார். தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளுக்குப் போகிறது. அந்தக் கடைசி இரண்டின் பாசனம் தூத்துக்குடி மாவட்டம். மேலே திறக்கிற மதகும் கீழே காய்கிற வயலும் இன்று ஒரே நீர்வளத்துறையின் கீழ் இருக்கின்றன, அப்படியிருந்தும் கார் சாகுபடிக்குத் தண்ணீர் கேட்டு மறியல் நடக்கிறது. நடுவில் நாட்டு எல்லை வந்தால் அது மறியலோடு நிற்காது.

முள்வேலி கதைக்கு இப்போது வருகிறேன். தெற்கு சூடானில் 2011 ஜனவரியில் 98.83 சதவீதம் பேர் பிரிவதற்கு ஓட்டுப் போட்டார்கள். ஜூலை 9-ல் நாடு பிறந்தது. பழைய சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கே. பங்குச் சொத்து பிரமாதம்! ஆனால் தெற்கு சூடானுக்குக் கடல் இல்லை; குழாய் முழுக்க வடக்கு வழியாக செங்கடல் துறைமுகத்துக்குப் போகிறது. அதற்கு வாடகை எவ்வளவு என்று பிரிவதற்குமுன் எழுதவில்லை. வடக்கு பீப்பாய்க்கு 36 டாலர் கேட்டது, தெற்கு ஒரு டாலர்கூடத் தரமாட்டேன் என்றது. வடக்கு குழாயிலிருந்தே எண்ணெயை எடுத்துக்கொள்ள, கோபத்தில் தெற்கு 2012 ஜனவரியில் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஒரு நாளைக்கு சுமார் 3,50,000 பீப்பாய். அரசு வருமானத்தில் 98 சதவீதம் அந்த எண்ணெய். சம்பளம் கொடுக்கக் காசில்லாத ஒரு வயதுக் குழந்தை நாடு தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டு பதினைந்து மாதம் உட்கார்ந்திருந்தது. 2013 ஏப்ரலில் எண்ணெய் திரும்ப ஓடியது, டிசம்பரில் உள்நாட்டுப் போர். வண்டிப்பாதையை எழுதாமல் விட்ட என் தாத்தாவை அதற்குப் பிறகு நான் அதிகம் குறை சொல்வதில்லை.

அரசியல் பக்கம். எத்தனை சதவீதம் ஓட்டு விழுந்தது என்பது பெரிய விஷயமே இல்லை. ஈராக்கின் குர்திஸ்தானில் 2017 செப்டம்பர் 25-ல் 93 சதவீதத்தை ஒட்டி ‘ஆம்’. நாலு நாளில் பாக்தாத் அங்கே வெளிநாட்டு விமானங்கள் இறங்குவதை நிறுத்தியது, மூன்று வாரத்தில் கிர்குக்கையும் எண்ணெய் வயல்களையும் ராணுவத்தை விட்டுப் பிடித்தது. ஓட்டு நடத்திய பர்சானி பதவி விலகினார். ஓட்டுக்கு முன் கையில் இருந்ததும் போச்சு. செர்பியாவிடமிருந்து பிரிய மான்டினீக்ரோவில் 2006-ல் கிடைத்தது வெறும் 55.5. ஐரோப்பிய ஒன்றியம் வைத்த கோடு 55. சுமார் 2,000 ஓட்டில் தாண்டினார்கள். கோடு முன்கூட்டியே போட்டிருந்தது, செர்பியா ஒப்புக்கொண்டிருந்தது. காரியம் முடிந்துவிட்டது. 1905-ல் நார்வேயில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 184 பேர்தான், ஆதரித்தவர்கள் 3,68,208. ஸ்வீடனும் கையைக் கொடுத்து அனுப்பிவைத்தது. 1999-ல் கிழக்குத் திமோர் 78.5 சதவீதம் பெற்றபோது இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவோடு ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. பன்னாட்டுப் படை இறங்கிய பிறகுதான் அடங்கியது.

எனக்குப் பிடித்த கூத்து மேற்கு ஆஸ்திரேலியா. 1933-ல் மூன்றில் இரண்டு பேர் பிரிய ஓட்டுப் போட்டார்கள். அதே நாள், அதே சாவடியில் நடந்த மாநிலத் தேர்தலில் பிரிவினையை ஆதரித்த ஆளுங்கட்சியைத் தோற்கடித்து, எதிர்த்த கட்சியை உட்கார வைத்தார்கள்! ‘எங்கள் வரியைக் கிழக்கே தின்கிறார்கள்’ என்ற கோபம்தான் ஓட்டாக விழுந்தது. லண்டன் நாடாளுமன்றம் 1935-ல் மனுவை ஏற்க மறுத்தது. இந்த ‘நாங்கள் கொடுப்பது எவ்வளவு, வாங்குவது எவ்வளவு’ கணக்கு எல்லா ஊரிலும் உண்டு. பதினைந்தாவது நிதிக்குழுவில், மாநிலங்களுக்குப் பிரிக்கிற மத்திய வரியில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்று வந்தபோது நம் டீக்கடையிலும் அதே கணக்குத்தான் ஓடியது. அதைப் பேரம் பேசித் தீர்ப்பதற்கு நிதிக்குழு என்று ஒரு மேடை இருக்கிறது, போதாது என்றால் அந்த மேடையில் சண்டை போடலாம்.

பிரிகிறவனிடமிருந்தும் பிரிகிறவன் உண்டு, அதை மறந்துவிடாதே. 1995-ல் கியூபெக் இரண்டாம் முறை ஓட்டுப் போட்டது. ‘வேண்டாம்’ 50.58, வித்தியாசம் 54,288 ஓட்டு. அதற்கு ஒரு வாரம் முன் வடக்கே காட்டில் வாழும் கிரீ பூர்வகுடிகள் தனியாக ஓட்டெடுத்தார்கள். கனடாவோடுதான் இருப்போம் என்று 96 சதவீதம். கியூபெக்கின் பெரிய நீர்மின் அணைகள் அவர்கள் மண்ணில் இருக்கின்றன. உனக்கு உரிமை இருந்தால் எனக்கு இல்லையா என்ற கேள்விக்கு மான்ட்ரியலில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. 1998-ல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே நிதானமான பேச்சு: தன்னிச்சையாகப் பிரிய உரிமை கிடையாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை விழுந்தால் மற்றவர்கள் பேச்சுக்கு உட்கார்ந்தே ஆகவேண்டும்.

நம் அரசமைப்பில் அந்த வழி இல்லை. மூன்றாம் பிரிவுப்படி நாடாளுமன்றம் மாநிலத்தை வெட்டலாம், ஒட்டலாம், பெயர் மாற்றலாம். வெளியே போக வாசல் வைக்கவில்லை. 1963-ல் பதினாறாவது திருத்தம் வந்து, நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று வேட்பாளரே உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றானது. திராவிட நாடு கோரிக்கையை தி.மு.க. கைவிட்டதும் அப்போதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் 1977 தேர்தலில் தனி ஈழம் என்று கேட்டு தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் பிடித்தது. 1983-ல் ஆறாவது திருத்தம் இதேபோல் ஒரு சத்தியப்பிரமாணம் கேட்டது, அவர்கள் எடுக்க மறுத்து நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். அதன்பின் நடந்தது நான் எழுதித்தான் உனக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

செங்கோட்டை விஷயத்தில் ஒரு துணுக்கு பாக்கி. 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி அய்யர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனிநாடு என்று அறிவித்தார். யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அது நிலைத்திருந்தால் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டைக்குப் போக கடவுச்சீட்டு வேண்டியிருக்கும். ஜூலை 25-ல் திவானை ஒருவர் வெட்டினார். அவர் பிழைத்தார், சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேர ஒப்புக்கொண்டார். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டத்துக்கு வந்தது. பாட்டி மட்டும் சாகிறவரை சக்கரத்திலேயே கணக்குச் சொன்னாள்.

“அப்போ பிரிஞ்சா நட்டம்தானா மாமா?” என்று நீ கேட்பாய். அப்படிச் சொல்ல மாட்டேன். மதிப்புக் குறைந்த காசோடு தொடங்கிய ஸ்லோவாக்கியா 2009-ல் யூரோவுக்குள் போய்விட்டது, செக் நாடு இன்னும் போகவில்லை. திமோர் எரிந்த ஊரிலிருந்து எழுந்து, எண்ணெய்ப் பணத்தை 2005-லிருந்து தனி நிதியாகப் போட்டு வைத்திருக்கிறது. தோற்றவர்களும் தோற்றுப்போகவில்லை: ஸ்காட்லாந்தில் ஓட்டில் தோற்ற கட்சி எட்டு மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஸ்காட்லாந்துக்கு உள்ள 59 இடத்தில் 56 இடம் ஜெயித்தது.

கடைசியாக பூகன்வில். பப்புவா நியூ கினியின் கிழக்கே உள்ள தீவு. பங்குனா செம்புச் சுரங்கத் தகராறில் 1989-ல் சுரங்கம் மூடி, பத்து வருஷம் சண்டை நடந்து, 2001-ல் சமாதானம் செய்தபோது ‘பிற்பாடு ஓட்டெடுப்பு, ஆனால் முடிவு கட்டாயமில்லை, நாடாளுமன்றம் ஏற்கவேண்டும்’ என்று எழுதிக்கொண்டார்கள். 2019 கடைசியில் ஓட்டு நடந்தது. பிரிவதற்கு 1,76,928 ஓட்டு, 98 சதவீதத்துக்கு மேல். 2027 செப்டம்பர் 1 என்று அவர்களே ஒரு நாளும் குறித்திருக்கிறார்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்திரம் எழுத எதிர்த்தரப்பு வந்து உட்காரவேண்டும்.